பட்டியலில் இருக்கும் புரதம், செல்லில் இருக்கும் புரதம்

சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்களில் பலர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹெச்பிஏ1சி பார்க்கிறார்கள். ரிப்போர்ட்டில் 7.2 என்றோ 8.5 என்றோ ஒரு சதவீதம் வரும். எதன் சதவீதம் அது? சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதத்தின் பீட்டா சங்கிலி, வேலின் என்ற அமினோ அமிலத்தில் தொடங்குகிறது. ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ் அந்த முதல் வேலினில் போய் ஒட்டிக்கொள்கிறது. இதற்கு நொதி எதுவும் வேண்டாம். சர்க்கரை கூடுதலாக இருந்தால் ஒட்டுவதும் கூடும். மொத்த ஹீமோகுளோபினில் இப்படிச் சர்க்கரை ஒட்டியது எவ்வளவு பங்கு என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால், கடந்த இரண்டு மூன்று மாதக் கதை அதில் பதிந்திருக்கும்.

முதிர்ந்த சிவப்பணுவில் கரு கிடையாது. மரபணுத்தொகுதியை வெளியே தள்ளிவிட்டுத்தான் அது ரத்த ஓட்டத்துக்கே வருகிறது. ஆனாலும் ஒவ்வொரு சிவப்பணுவிலும் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் இருக்கின்றன. கூடவே நொதிகள், சவ்வுப் புரதங்கள், செல்லின் வடிவத்தைத் தாங்கும் சட்டகப் புரதங்கள். ஒருவருடைய டிஎன்ஏ முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படித்தாலும் அவருடைய ஹெச்பிஏ1சி என்ன என்று சொல்ல முடியாது. அந்தத் தகவல் புரதத்தில் மட்டும்தான் இருக்கிறது.

ஓர் உயிரி உருவாக்கக்கூடிய புரதங்கள் அனைத்தையும் சேர்த்துப் புரோட்டியோம் என்கிறோம், தமிழில் புரதத்தொகுதி. சிட்னியின் மக்குவாரி பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த மார்க் வில்கின்ஸ் 1994-ல் இத்தாலியின் சியனா நகரில் நடந்த கூட்டத்தில் இந்தச் சொல்லை முன்வைத்தார். நடைமுறையில் இது இரண்டு பொருளில் புழங்குகிறது. ஓர் உயிரி தன் வாழ்நாளில் எங்கேயாவது எப்போதாவது செய்யக்கூடிய புரதங்களின் முழுப் பட்டியல் ஒன்று. குறிப்பிட்ட செல்லில் குறிப்பிட்ட நேரத்தில் உண்மையில் இருக்கும் புரதங்கள் இன்னொன்று. முதலாவது வாக்காளர் பட்டியல் மாதிரி. இரண்டாவது வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிப் பார்ப்பது. செய்திகளில் வரும் எண்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதற்குப் பாதிக் காரணம், எது எந்தப் பொருளில் சொல்லப்பட்டது என்று யாரும் கேட்காததுதான்.

மனிதருக்குப் புரதம் உருவாக்கும் மரபணுக்கள் ஏறக்குறைய 20,000. இது பட்டியல் எண். ஆய்வகங்களில் வளர்க்கப்படும் ஹீலா என்ற மனிதச் செல்களை 2011-ல் ஆழமாக அலசியபோது கிடைத்தவை 10,000-க்குச் சற்று மேல். ஒரு வகைச் செல் பட்டியலில் பாதி அளவைத்தான் பயன்படுத்துகிறது. கணையத்தின் பீட்டா செல் இன்சுலினைக் கொட்டும். விழித்திரைச் செல்லில் அந்த மரபணு அப்படியே இருந்தாலும் வாய் திறக்காது.

இருக்கிறது, இல்லை என்பதோடு விஷயம் முடிவதில்லை. எத்தனை பிரதி என்பதும் வேண்டும். ரொட்டி ஈஸ்ட்டில் இது நன்றாக அளக்கப்பட்டிருக்கிறது. சுமார் 6,000 மரபணு கொண்ட அந்த ஒற்றைச் செல்லில் மொத்தம் ஏறக்குறைய 4.2 கோடி புரத மூலக்கூறுகள் இருப்பதாக, பல ஆய்வுகளின் தரவை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து 2018-ல் கணக்கிட்டார்கள். அது எல்லாப் புரதத்துக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை. 2003-ல் ஒவ்வொரு ஈஸ்ட் புரதத்துக்கும் ஒரே மாதிரியான வால் ஒன்றைப் பொருத்தி எண்ணியபோது, சில புரதங்கள் செல்லுக்கு 50-க்கும் குறைவாக இருந்தன. சில பத்து லட்சத்தைத் தாண்டின.

மரபணுவின் செய்தியைப் புரதம் செய்யும் இடத்துக்குக் கொண்டுபோகும் தூது ஆர்என்ஏவை அளந்தால் புரதத்தின் அளவும் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். ஆர்என்ஏவை அளப்பது மலிவு, வேகம். ஆனால் 2011-ல் எலியின் இணைப்புத்திசுச் செல்களில் இரண்டையும் சேர்த்து அளந்தபோது, புரத அளவுகளில் தெரியும் ஏற்றத்தாழ்வில் ஏறக்குறைய 40 சதவீதத்தைத்தான் ஆர்என்ஏ அளவால் விளக்க முடிந்தது. ஆர்என்ஏவின் அரை ஆயுள் நடுமதிப்பாக 9 மணி நேரம்; புரதத்துக்கு 46 மணி நேரம். கடைக்கு வந்த ஆர்டரை வைத்துக் கிடங்கின் இருப்பைச் சொல்வது போலத்தான் இது. ஆர்டர் நின்று இரண்டு நாளானாலும் சரக்கு கிடக்கும்.

சரி, ஒரு மரபணுவுக்கு ஒரு புரதம் என்றாவது வைத்துக்கொள்ளலாமா? இன்சுலினைப் பார்க்கலாம். மரபணு சொல்வது 110 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே சங்கிலி. அதில் முதல் 24, இந்தப் புரதம் எங்கே போகவேண்டும் என்று சொல்லும் முகவரிச் சீட்டு. செல்லின் உட்சவ்வுக்குள் நுழைந்ததும் அது வெட்டி எறியப்படும். மிச்சம் 86. அது மடிந்து, கந்தகப் பாலங்கள் மூன்று போட்டுக்கொண்டபிறகு நடுவிலிருந்து 31 அமினோ அமிலத் துண்டு ஒன்று கழற்றப்படுகிறது; அதன் இரு பக்கமும் இருக்கும் இரண்டிரண்டு அமினோ அமிலங்களும் போய்விடும். கடைசியில் 30 கொண்ட பி சங்கிலியும் 21 கொண்ட ஏ சங்கிலியும் பாலத்தால் பிணைந்து நிற்கின்றன: 51. கழன்ற 31 வீண் அல்ல. அதுதான் மருத்துவர் எழுதித்தரும் சி-பெப்டைடு சோதனை. ஊசியில் போடும் இன்சுலினில் சி-பெப்டைடு இருக்காது என்பதால், நோயாளியின் கணையம் சொந்தமாக எவ்வளவு சுரக்கிறது என்பதை அதை வைத்துத் தெரிந்துகொள்கிறார்கள். மரபணு ஒன்றுதான், செல்லுக்குள் எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் அதன் புரதம் பல நிலைகளில் இருக்கும்.

இப்படி ஒரே மரபணுவிலிருந்து வரும் ஒவ்வொரு தனி மூலக்கூறு வடிவத்துக்கும் 2013-ல் லாயிட் ஸ்மித்தும் நீல் கெல்லெஹரும் புரோட்டியோஃபார்ம் என்று பெயர் வைத்தார்கள். புரத வடிவம் என்று சொல்லலாம். பாஸ்பேட் ஒட்டலாம், சர்க்கரை ஒட்டலாம், முனை வெட்டப்படலாம். பாஸ்பேட் ஒட்டக்கூடிய இடம் ஒரு புரதத்தில் பத்து இருந்தால், காகிதக் கணக்கில் 1,024 வடிவங்கள் வரும். மனித உடலில் லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் புரதங்கள் என்று எழுதப்படுவதெல்லாம் பெரும்பாலும் இந்தப் பெருக்கல்தான். இந்த எண்களை அப்படியே நம்பத் தேவையில்லை. ஒட்ட முடியும் என்பதால் எல்லாச் சேர்க்கையும் செல்லில் இருந்தே தீரும் என்றில்லை.

இனி, அளக்கும் வேலை. புரதங்களை டிரிப்சின் என்ற நொதியால் பெப்டைடுகள் என்ற சிறு துண்டுகளாக வெட்டி, அவற்றின் நிறையை நிறை நிறமாலைமானி என்ற கருவியில் அளக்கிறார்கள். பிழைகள் பெரும்பாலும் கருவியில் அல்ல, அதற்கு முந்தைய மேசையில் நடக்கின்றன.

பத்து லட்சம் ஹீலா செல்களிலிருந்து 100 முதல் 150 மைக்ரோகிராம் புரதம் கிடைக்கும். செல்களை 8 மோலார் யூரியாக் கரைசலில் உடைப்பது பழக்கமான முறை. அந்தச் செறிவில் புரதங்களின் மடிப்பு அவிழ்ந்து, வெட்ட வசதியாக நீண்டுகொள்ளும். யூரியாவோடு ஒரு நிபந்தனை உண்டு: சூடாக்கக் கூடாது. 37 டிகிரியைத் தாண்டினால் யூரியா சிதைந்து ஐசோசயனிக் அமிலமாகி, லைசினிலும் புரதத்தின் முனையிலும் போய் ஒட்டும். நிறை 43 டால்டன் (மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் அலகு) கூடும். லைசின் மூடப்பட்டதால் நொதியாலும் அங்கே வெட்ட முடியாது. பழைய யூரியாக் கரைசலைப் பாட்டிலில் வைத்திருந்து பயன்படுத்துவதிலும் இதே ஆபத்துதான். அன்றன்றைக்குக் கரைத்துக்கொள்வதே நல்லது.

அடுத்து, கந்தகப் பாலங்களை டைதயோத்ரைடால் கொண்டு உடைக்கவேண்டும். 5 முதல் 10 மில்லிமோலார் போதும். புரத அளவை நிறமாற்றத்தைக் கொண்டு காட்டும் பிசிஏ முறையில் பார்ப்பதாக இருந்தால் இதற்கு முன்பே பார்த்துவிடவேண்டும். டைதயோத்ரைடாலே அந்த நிறத்தைக் கிளப்பிவிடும், இல்லாத புரதம் இருப்பதாகக் காட்டும். உடைந்த பாலம் மறுபடி சேராமலிருக்க அயோடோஅசிட்டமைடு, இருட்டில் அரை மணி நேரம். ஒவ்வொரு சிஸ்டைனிலும் 57.021 டால்டன் கூடும், அது எதிர்பார்த்ததுதான். கை தாராளமாகிவிட்டால் அது லைசினிலும் ஏறும். ஒரே லைசினில் இரண்டு ஏறினால் கூடும் நிறை 114.043. யுபிகுவிட்டின் என்ற சிறு புரதம் ஒட்டியிருந்த இடத்தில் டிரிப்சின் விட்டுவைக்கும் இரட்டைக் கிளைசின் எச்சமும் அதே 114.043. அணுக் கணக்கே ஒன்று என்பதால் எவ்வளவு துல்லியமான கருவி இருந்தாலும் நிறையைக் கொண்டு பிரிக்க முடியாது. யுபிகுவிட்டின் தேடும் ஆய்வகங்கள் இதனால்தான் குளோரோஅசிட்டமைடுக்கு மாறின.

பிறகு டிரிப்சின். யூரியாவை 1 மோலாருக்குக் கீழே நீர்க்கச் செய்து, 50 பங்கு புரதத்துக்கு 1 பங்கு டிரிப்சின் சேர்த்து, 37 டிகிரியில் இரவு முழுக்க விடவேண்டும். நீர்க்க மறந்தால் டிரிப்சினே மடிப்பவிழ்ந்து செயலிழக்கும். லைசின், ஆர்ஜினின் இரண்டுக்கும் அடுத்து மட்டும் அது வெட்டும். புரோலின் பின்னால் நின்றால் பெரும்பாலும் வெட்டாது. பல நொதிகள் இருக்க இதையே எல்லாரும் பிடித்துக்கொள்ளக் காரணம் உண்டு. ஒவ்வொரு துண்டின் வாலிலும் நேர்மின்னூட்டம் ஏற்கும் அமினோ அமிலம் ஒன்று நிற்கும், தலையில் இன்னொரு மின்னூட்டம். கருவியில் பறக்க அது வசதி. காலையில் அமிலம் சேர்த்து நொதியை நிறுத்தி, பெப்டைடுகளைப் பிடித்துவைக்கும் சி18 என்ற பொருள் நிரப்பிய சிறு குழாயில் உப்பைக் கழுவி எடுத்தால் பெப்டைடுகள் தயார்.

தொல்லை தருபவை இன்னும் இரண்டு. ஒன்று கெராட்டின்: நம் தோல், முடி, கம்பளி. கையுறை போட்டுக்கொண்டு தலையைச் சொறிந்தால் போதும், பட்டியலின் உச்சியில் கெராட்டின் வந்து உட்காரும். இன்னொன்று டிட்டர்ஜென்ட்டுகளிலிருந்தும் பிளாஸ்டிக்கிலிருந்தும் வரும் பாலிஎத்திலீன் கிளைக்கால். கருவி வரைந்து தரும் நிறை வரைபடமான நிறமாலையில் 44 டால்டன் இடைவெளியில் சீப்புப் பற்கள் போல முகடுகள் நின்றால் அது வந்துவிட்டது என்று அர்த்தம். உண்மையான பெப்டைடுகளின் குரலை அது அமுக்கிவிடும். அப்படி மாசுபட்ட மாதிரியை ஓட்டிப் பார்ப்பதைவிடப் புதிதாகச் செய்வதே லாபம்.

கருவியில் நடப்பது இது: 75 மைக்ரோமீட்டர் உள்விட்டமுள்ள நுண்குழாயில், நிமிடத்துக்குச் சுமார் 300 நானோலிட்டர் வேகத்தில் பெப்டைடுகள் பிரிந்து வருகின்றன. முனையில் ஏறக்குறைய 2,000 வோல்ட். திரவம் மூடுபனியாகி, பெப்டைடுகள் மின்னூட்டத்தோடு நிறை நிறமாலைமானிக்குள் பாய்கின்றன. பெரிய உயிர்மூலக்கூறுகளை உடையாமல் பறக்கவிடும் வழிகளுக்காக ஜான் ஃபென்னும் கோயிச்சி தனாக்காவும் 2002-ன் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். தனாக்கா ஷிமாட்சு நிறுவனப் பொறியாளர். உலோகத் தூளில் தவறுதலாகக் கிளிசரினைக் கலந்துவிட்டு, கொட்ட மனமில்லாமல் அதையே சோதித்ததில் அவருக்கு வழி பிறந்தது. கருவி முதலில் முழுப் பெப்டைடின் நிறையை அளக்கும். பிறகு ஒவ்வொன்றாகப் பிடித்து உடைத்து, துண்டுகளின் நிறையை அளக்கும்.

கருவி புரதத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை என்பது பலருக்குத் தெரியாது. அது தருவது எண்களை மட்டும். கணினி, 20,000 புரதப் பட்டியலை எடுத்து, அதையெல்லாம் காகிதத்தில் டிரிப்சினால் வெட்டி, எந்தத் துண்டின் கணக்கு இந்த எண்களோடு அதிகம் ஒத்துப்போகிறது என்று பார்க்கிறது. ஆக, வீடு வீடாகத் தட்டப் போனவரின் கையிலும் இருப்பது அதே வாக்காளர் பட்டியல்தான். பட்டியலில் இல்லாத புரதம் எதிரே நின்றாலும் அடையாளம் தெரியாது. லூசினும் ஐசோலூசினும் ஒரே நிறை, 113.084 டால்டன், அவற்றைப் பிரித்தறிய வழக்கமான உடைப்பு முறையால் ஆகாது.

இன்னொரு இழப்பும் இந்த வெட்டலில் நேர்கிறது. ஒரே நூலின் பல ஓலைச்சுவடிப் பிரதிகளைக் கயிறு அவிழ்த்து, ஏடுகளை ஒன்றாகக் கலந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தெந்தப் பாடபேதங்கள் உண்டு என்று சொல்லலாம். மூன்றாம் ஏட்டின் பாடபேதமும் நாற்பதாம் ஏட்டின் பாடபேதமும் ஒரே பிரதியில் இருந்தனவா என்று சொல்ல முடியாது. புரத வடிவங்களுக்கு நேர்வது இதுதான். வெட்டாமல் முழுப் புரதத்தையே அளக்கும் முறை இருக்கிறது. சிறிய, தாராளமாக இருக்கும் புரதங்களில் அது நன்றாக வரும், பெரியவற்றில் திணறும். தசையின் டைட்டின் புரதம் 34,000-க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்டது. அதை முழுசாக அளப்பது பற்றிப் பேசவே வேண்டாம்.

பொருத்திப் பார்ப்பது என்றாலே தவறான பொருத்தமும் வரும். அதன் அளவைத் தெரிந்துகொள்ளப் பட்டியலிலுள்ள எல்லாப் புரதங்களையும் பின்னிருந்து முன்னாகத் திருப்பி எழுதி, அந்தப் பொய்ப் பட்டியலையும் கூடவே தேடச் சொல்வார்கள். பொய்ப் பட்டியலில் எத்தனை பொருத்தம் விழுகிறதோ, ஏறக்குறைய அத்தனை தவறுகள் மெய்ப் பட்டியலிலும் விழுந்திருக்கும். 1 சதவீதத் தவறு வரை ஏற்பது வழக்கம்.

இந்த 1 சதவீதம் பார்க்கத்தான் சிறியது. கணக்குக்காக, பத்து லட்சம் நிறமாலைகள் பொருந்தியதாகக் கொள்வோம். தவறு 10,000. உண்மையில் இருப்பது 12,000 புரதம் என்றால், சரியான பொருத்தங்கள் எல்லாம் அந்த 12,000 மேலேயே திரும்பத் திரும்ப விழும். தவறானவை 20,000 மீதும் சிதறும்; அவற்றில் 4,000, இல்லாத 8,000 புரதங்கள் மேல் போய் விழும். இரண்டு மூன்று ஒன்றின்மேலேயே விழுவதைக் கழித்தாலும், மாதிரியில் இல்லவே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் கண்டுபிடிக்கப்பட்டதாகக் கணக்கில் ஏறிவிடும். தரவு கூடக்கூட இந்தப் போலிகளும் பெருகும்.

2014 மே மாதம் நேச்சர் இதழில் மனிதப் புரோட்டியோமின் இரண்டு வரைவுகள் ஒரே நேரத்தில் வந்தன. ஒன்று அகிலேஷ் பாண்டே குழுவுடையது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் பெங்களூரின் இன்ஸ்டிடியூட் ஆஃப் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸும் சேர்ந்து செய்தது. 30 வகைத் திசுக்களும் செல்களும், 17,294 மரபணுக்களின் புரதங்கள். இன்னொன்று மியூனிக்கின் பெர்ன்ஹார்ட் குஸ்டர் குழுவுடையது. பட்டியலில் 92 சதவீதத்தைக் கண்டுவிட்டதாக அவர்கள் சொன்னார்கள். கொண்டாட்டம் அடங்குவதற்குள் தரவை மறுபடி தோண்டியவர்கள் ஒரு விசித்திரத்தைச் சுட்டிக்காட்டினார்கள். இரண்டிலும் நூற்றுக்கணக்கில் வாசனை ஏற்பிப் புரதங்கள் இருந்தன. இவை மூக்கின் உட்சவ்வில் வேலை செய்பவை. பாண்டே குழு எடுத்த திசுப் பட்டியலில் கல்லீரல் உண்டு, சிறுநீரகம் உண்டு, விழித்திரை உண்டு; மூக்கு இல்லை. ஆதாரம் என்று காட்டப்பட்ட நிறமாலைகளைக் கண்ணால் பார்த்தபோது பல வலுவற்றவை. வேறு புரதத்தின் பெப்டைடுக்கும் பொருந்தக்கூடியவை. அந்த வேலையின் பெரும்பகுதி உறுதியானது, இன்றும் பயன்படுகிறது. ஆனால் விளிம்பில் இருந்த எண்கள், தலைப்புச் செய்தியான அந்தச் சதவீதங்கள், உப்பியிருந்தன.

வாசனை ஏற்பிகள் போலியாக எளிதில் தோன்றுவதற்கும் உண்மையாக அகப்படாமல் நழுவுவதற்கும் காரணம் உண்டு. மனிதருக்கு இவை சுமார் 400. எண்ணிக்கை அதிகம் என்பதால் தவறாக விழும் பொருத்தங்களுக்கு அகலமான இலக்கு. மறுபக்கம், ஒவ்வொன்றும் சவ்வை ஏழுமுறை ஊடுருவும். அந்தப் பகுதிகளில் லைசினும் ஆர்ஜினினும் அரிது, டிரிப்சினுக்கு வேலையில்லை, கிடைக்கும் துண்டுகள் நீளமாகவும் நீரில் கரையாமலும் இருக்கும். செல்லில் பிரதிகளும் குறைவு.

மனிதப் புரோட்டியோம் திட்டம், 2010-ல் அறிவிக்கப்பட்ட சர்வதேச முயற்சி, இந்த அனுபவத்துக்குப் பின் விதியை இறுக்கியது. ஒரு புரதம் காணப்பட்டது என்று ஏற்க, வேறெந்தப் புரதத்துக்கும் பொருந்தாத இரண்டு பெப்டைடுகள் வேண்டும். ஒவ்வொன்றும் குறைந்தது 9 அமினோ அமில நீளம். ஒன்று மற்றொன்றுக்குள் அடங்கியதாக இருக்கக் கூடாது. இந்தக் கறாரான கணக்கில் 2020-ல், பட்டியலின் 19,773 புரதங்களில் 17,874 தேறின, 90.4 சதவீதம். ஆறு ஆண்டுக்கு முந்தைய 92-ஐவிடக் குறைந்த எண்தான், ஆனால் சாட்சியோடு நிற்கும் எண். மீதி 1,899 புரதங்களில் வாசனை ஏற்பிகள் ஒரு பெரும் கூட்டம். கருவில் சில நாட்களே தோன்றுபவை, விந்தகத்தில் மட்டும் இருப்பவை என்று மற்றவையும் உண்டு. ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள் மனிதப் புரதங்கள் அனேகமாக எல்லாவற்றுக்கும் வடிவம் கணித்துவிட்டதே என்று சிலர் கேட்பார்கள். பட்டியலில் எழுதியிருப்பது எப்படி மடியும் என்பதுதான் அந்தக் கணிப்பு. அது உடலில் இருக்கிறது என்பதற்கான சாட்சி அல்ல.

மருத்துவம் ஆசைப்படுவது ரத்தத்தை. அளக்க மிகக் கடினமானதும் அதுதான். ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில், ஒரு மில்லிலிட்டருக்கு அல்புமின் என்ற புரதம் சுமார் 40 மில்லிகிராம். அழற்சியைக் காட்டும் இன்டர்லூக்கின்-6 ஆரோக்கியமான ஒருவரிடம் சில பிகோகிராம். ஆயிரம் கோடிக்கு ஒன்று. உலக மக்கள்தொகையைவிடப் பெரிய கூட்டத்தில் ஒருவரைத் தேடுவது. பிளாஸ்மாப் புரத எடையில் 99 சதவீதத்தை ஏறக்குறைய 22 புரதங்களே பிடித்துக்கொள்கின்றன. அல்புமினை முன்கூட்டியே வடிகட்டி எடுக்கலாம்; ஆனால் அதன்மேல் தொற்றிக்கொண்டிருக்கும் சின்னப் புரதங்களும் கூடவே போய்விடும்.

அதனால் பெரிய மக்கள்தொகை ஆய்வுகள் எதிர்ப்புரத முறைகளுக்குத் திரும்பியிருக்கின்றன. எதிர்ப்புரதம் என்பது குறிப்பிட்ட ஒரு புரதத்தைத் தேடிப் பிடித்துக்கொள்ளும் புரதம். ஒரு புரதத்தை இரண்டு எதிர்ப்புரதங்கள் ஒரே நேரத்தில் பிடித்தால், அவற்றின் டிஎன்ஏ வால்கள் இணைந்து எண்ணப்படும். 2023-ல் பிரிட்டனின் பெரிய மருத்துவத் தரவுத் திட்டமான யுகே பயோபேங்க் இந்த வழியில் 54,219 பேரிடம் 2,923 புரதங்களை அளந்து வெளியிட்டது. கிராமில் வரும் எண் அல்ல அது. மாதிரிகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் அளவு, ஒரு அலகு கூடினால் புரதம் இரட்டிப்பு. எதிர்ப்புரதம் பிடிக்கும் இடத்தில் ஒருவருக்குப் பிறவியிலேயே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தால், புரதம் முழு அளவில் இருந்தும் குறைவாகக் காட்டும்.

ஹெச்பிஏ1சியிலும் இந்தச் சிக்கல் உண்டு. சில சோதனை முறைகளில் எதிர்ப்புரதம், சர்க்கரை ஒட்டிய பீட்டா சங்கிலியின் முதல் சில அமினோ அமிலங்களைப் பிடிக்கிறது. அரிவாள் செல் மரபில் ஆறாவது இடத்தின் குளூட்டாமிக் அமிலம் வேலினாக மாறியிருக்கும், பிடிக்கும் இடத்துக்கு மிக அருகில். இந்தியாவில் அந்த மரபு முதன்முதலாகப் பதிவான இடங்களில் நீலகிரியும் ஒன்று. 1952-ல், அங்குள்ள பழங்குடியினரிடம். அப்படிப்பட்டவருக்குச் சோதனை எழுதும்போது ஆய்வகம் எந்த முறையில் அளக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அரிவாள் செல் நோயே இருந்து சிவப்பணுக்கள் சீக்கிரமே அழிபவர்களுக்கு எந்த முறையும் சரிவராது. சர்க்கரை ஒட்டுவதற்கு அந்தப் புரதத்துக்கு நாள் போதாது. அவர்களுக்கு ஃபிரக்டோசமின் பார்ப்பார்கள். அதில் அளக்கப்படுவது, சர்க்கரை ஒட்டிய பிளாஸ்மாப் புரதங்கள், பெரும்பாலும் அல்புமின். தெரியவருவது கடந்த இரண்டு மூன்று வாரக் கதை.